களவு போன விவரங்களும் கம்பெனிகளின் கடமையும்

அடகுக் கடையில் களவு போய்விட்டால், நகைக்குரியவனிடம் அதை மறைக்கும் கடைக்காரனை உலகம் யோக்கியன் என்று சொல்லாது. பிரஜைகளின் பெயர், விலாசம், பாங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவற்றை வாங்கி வைத்திருக்கும் ஸ்தாபனங்களுக்கும் இந்த நியாயமே பொருந்தும். 2023-ம் வருஷத்திய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இந்த நியாயத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, விவரங்கள் கசிந்தது தெரிந்ததும், கசிந்தது எது, அதனால் நேரக்கூடிய தீங்கு யாது, தற்காப்புக்கு வழி என்ன என்பவற்றைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தகவல் பாதுகாப்பு போர்டுக்கும் உடனே அறிவித்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் அனுப்ப வேண்டும். இவற்றுக்கு ஸ்தாபனங்கள் ஆயத்தமாவதற்கென 18 மாதத் தவணையும் அளிக்கப்பட்டது. தக்க காவல் செய்யத் தவறினால் ரூ. 250 கோடி வரையிலும், கசிவைத் தெரிவிக்கத் தவறினால் ரூ. 200 கோடி வரையிலும் அபராதம் உண்டு.

இந்த நிர்ப்பந்தம் அவசியமே. 2016-ல் ஊபர் கம்பெனியிடமிருந்து 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. அக்கம்பெனி களவாடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, விஷயத்தை ஓராண்டுக்கு மேல் மூடி மறைத்தது. 2018-ல் அமெரிக்க ராஜ்யங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் செலுத்த இசைந்த பிறகே வழக்குத் தீர்ந்தது. தானாகவே உண்மை சொல்வார்கள் என்று கம்பெனிகளை நம்பியிருப்பது பேதைமை.

ஆயினும் நமது சட்டத்தில் பெருங்குறை ஒன்று உளது. அபராதத் தொகை முழுவதும் சர்க்காரின் பொக்கிஷத்துக்கே போய்ச் சேரும். கவனக்குறைவால் நஷ்டமடைந்தவருக்கு ஈடு வழங்க இடமளித்த 2000-ம் வருஷத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் இப்புதிய சட்டம் நீக்கிவிடுகிறது. ஐரோப்பிய யூனியன் சட்டமோ, பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கோரும் உரிமையை வெளிப்படையாகவே வழங்குகிறது. பறிகொடுத்தவன் ஒருவன், பணம் பெறுபவர் வேறொருவர் என்றால் அது என்ன நீதி? போதாததற்கு, பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுக்கும் பிரஜைக்கு ரூ. 10,000 வரை அபராதம் விதிக்கவும் சட்டம் இடந்தருகிறது. புகார் தவறினால் தண்டம் உண்டு. நிரூபணமானாலோ ஈடு இல்லை!

அபராதத்தில் ஒரு பங்கேனும் பாதிக்கப்பட்டோருக்குச் சேரும்படி பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்த வேண்டும். கம்பெனியின் பயம் மட்டும் போதாது. பிரஜையின் நஷ்டமும் தீர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.