சேற்றுக்கு ஒரு கியர், ரோட்டுக்கு ஒரு கியர்: டிராக்டர் வாங்கும் முன்...

கேள்வி: சேற்றுழவுக்கும் நெல் மூட்டை ஏற்றுவதற்கும் சேர்த்து ஒரே டிராக்டராக வாங்க வீட்டில் யோசனை. வெளிமாநிலத்துக்கு லாரி ஓட்டும் உறவினர், ‘இனி எல்லாம் ஆட்டோமேட்டிக் கியர்தான், அதையே பாருங்கள்’ என்கிறார். உள்ளூரில் நெல் லாரி ஓட்டும் மைத்துனரோ, ‘சாதா கியர்தான் உழைக்கும்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், கும்பகோணம் வட்டாரம்.

பதில்: இருவர் சொல்வதும் அவரவர் ஓட்டும் லாரிக்குச் சரி. ஆனால், டிராக்டர் செய்வது இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வேலை. அதனால் முதலில் லாரியைப் புரிந்துகொண்டு, பிறகு டிராக்டருக்கு வருவது நல்லது.

நீண்ட தூர லாரி ஊர் எல்லையைத் தாண்டி டாப் கியருக்கு வந்துவிட்டால், மணிக்கணக்கில் பெரிய மாற்றம் இல்லாமல் ஓடும். இந்த லாரிகளில் வரும் ஆட்டோமேட்டிக் கியர் பெரும்பாலும் ‘ஏ.எம்.டி’ வகை. உள்ளே இருப்பது என்னவோ பழைய பல்சக்கரங்களும் கிளட்ச் தட்டும்தான். கிளட்சை விலக்கி, கியரை மாற்றும் வேலையை மட்டும் டிரைவரின் காலுக்கும் கைக்கும் பதிலாகக் கம்ப்யூட்டர் செய்கிறது. வால்வோ நிறுவனம் 2001-ல் ஐ-ஷிஃப்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகைதான். இன்ஜின் எப்போதும் சரியான சுற்றில் ஓடுவதால் டீசல் மிச்சமாகும். இடது காலுக்கும் ஓய்வு. நெடுந்தூரம் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

உள்ளூர் லாரியின் கதை வேறு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் வாய்க்கால் கரையாகவோ மண் பாதையாகவோ இருக்கும். அடி அடியாக நகர வேண்டும், ரிவர்ஸ் எடுக்க வேண்டும், சுமையோடு மேட்டில் ஏற வேண்டும். இப்படி ஊர்ந்து போகும்போது ஏ.எம்.டி வண்டியும் கிளட்சைப் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் வைத்துத்தான் நகர்த்தும். தட்டு சூடாகித் தேயும். அனுபவமுள்ள டிரைவர் தன் காலாலேயே இதைப் பக்குவமாகச் செய்துவிடுவார். மைத்துனர் சாதா கியரை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

நின்று நின்று போகும் நகரப் பேருந்து, குப்பை லாரி போன்றவற்றுக்கு வேறொரு ஆட்டோமேட்டிக் உண்டு. அதில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் தட்டுக்குப் பதிலாக ஆயிலே சக்தியைக் கடத்தும். டார்க் கன்வெர்ட்டர் என்பார்கள். சென்னை அருகே ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அல்லிசன் நிறுவனம் இந்த வகைக்குப் பெயர் பெற்றது. ஊர்ந்து போவதால் இது தேயாது. ஆனால், விலை அதிகம். ஆயிலில் கொஞ்சம் சக்தியும் வீணாகும். ஆக, ‘ஆட்டோமேட்டிக்’ என்பது ஒரே பொருள் அல்ல. வேலைக்கு வேலை அது மாறும்.

சேற்றில் என்ன நடக்கிறது?

சேற்றுழவில் டிராக்டர் மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். ரோட்டவேட்டருக்கு பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். அதற்கேற்ப ஆக்சிலேட்டரை ஓரிடத்தில் நிறுத்தி, கியரையும் ஒருமுறை போட்டுவிட்டால், வயல் முடியும்வரை அதே கியர்தான். தானாகக் கியர் மாற்றும் கருவிக்கு இங்கே வேலையே இல்லை.

சேற்றில் சிரமம் தருவது வரப்பு ஓரத்தில் திருப்பும் இடம். சிங்கிள் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் சக்கரத்தோடு ரோட்டவேட்டரும் நின்றுவிடும். டூயல் கிளட்ச் என்றால், பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும். முழுக்க மிதித்தால்தான் ரோட்டவேட்டர் நிற்கும். நம் பகுதிச் சேற்றுக்கு ஆட்டோமேட்டிக்கைவிட இந்த ஒரு வசதிதான் அதிகம் உதவும்.

‘அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டியில் கியர் மாற்றாமலே ஓட்டுகிறார்களே?’ என்று கேட்கலாம். அந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோஸ்டேட்டிக் முறை. பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தம் மோட்டாரைச் சுற்றும். ஒரே நெம்புகோலில் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பின்னாலும் போகலாம். சாய்ந்த பயிரில் மெதுவாகவும் நிமிர்ந்த பயிரில் வேகமாகவும் நொடிக்கு நொடி மாற்ற வேண்டியிருப்பதால் அறுவடைக்கு அது தேவை. உழவுக்கு அப்படி இல்லை. பல்சக்கரத்தைவிட இதில் சக்தி இழப்பும் அதிகம், பழுதானால் செலவும் அதிகம்.

ஜெர்மனியின் ஃபெண்ட் நிறுவனம், பல்சக்கரத்தையும் ஹைட்ரோஸ்டேட்டிக்கையும் இணைத்து, படிப்படியாக இல்லாமல் வேகம் மாறும் டிராக்டரை 1995-ல் கொண்டுவந்தது. அது நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கான பெரிய வண்டி. 9 மா, 12 மா வைத்திருக்கும் குடும்பம் அதை நினைத்துக் கடன் வாங்க வேண்டாம்.

ரோட்டில்தான் ஆபத்து

கொள்முதல் நிலைய மூட்டை ஒன்று 40 கிலோ. 100 மூட்டை ஏற்றினால் 4 டன். டிரெய்லரின் எடை தனி. இழுக்கும் டிராக்டரோ சுமார் 2 டன்தான். சமதளத்தில் டிராக்டர் சுமையை இழுக்கும். காவிரி, அரசலாறு பாலங்களை விட்டு இறங்கும் சரிவிலோ சுமை டிராக்டரைத் தள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இங்கேதான் கியர் பெட்டியின் வகை உயிரோடு சம்பந்தப்படுகிறது. பழைய ஸ்லைடிங் மெஷ் பெட்டியில் பல்சக்கரமே நகர்ந்து போய் இன்னொன்றைக் கடிக்க வேண்டும். ஓட்டத்தில் மாற்றினால் ‘கரகர’வென்று உரசும், விழாது. சரிவின் நடுவில் கியரை எடுத்து, அடுத்த கியர் விழாமல் போனால், வண்டி நியூட்ரலில் ஓடும். இன்ஜினின் பிடி போய்விடும். பிறகு முழு எடையையும் தாங்க வேண்டியது பிரேக் மட்டுமே.

கான்ஸ்டன்ட் மெஷ் பெட்டியில் பற்கள் எப்போதும் கடித்தபடியே சுற்றும். நடுவே உள்ள காலர் மட்டும் நகரும். மாற்றுவது சுலபம். சின்க்ரோ மெஷ் பெட்டியில் ஒரு வளையம் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்திய பிறகே கியர் விழும். ஓட்டத்தில் மாற்ற இதுவே சிறந்தது. ஆனால், எந்தப் பெட்டியாக இருந்தாலும் இந்த விதிகள் மாறாது:

* எந்தக் கியரில் மேடு ஏறுமோ, அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். சரிவு தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.
* டீசல் மிச்சம் என்று நியூட்ரலிலோ, கிளட்சை மிதித்தபடியோ இறங்கவே கூடாது.
* வயலில் தனித்தனியாகப் பயன்படுத்திய இடது, வலது பிரேக் பெடல்களை, ரோட்டில் ஏறும் முன் கொக்கி போட்டு இணைக்க வேண்டும்.
* சேற்றிலிருந்து வந்ததும் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே சுமை ஏற்ற வேண்டும்.
* மட்கார்டிலும் இணைப்புக் கம்பியிலும் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, உட்கார வைக்கக் கூடாது.

வாங்கும்போது என்ன கேட்பது?

சேறு, ரோடு இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால், கான்ஸ்டன்ட் மெஷ் கியர், டூயல் கிளட்ச், ஆயிலில் மூழ்கிய பிரேக் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சேற்றுத் தண்ணீர் ஆயில் பிரேக்கை எளிதில் கெடுக்காது. கிளட்ச் மிதிக்காமல் முன்னும் பின்னும் மாற்றும் பவர் ஷட்டில் வசதி, முன்பக்க லோடர் மாட்டி மண் அள்ளுபவருக்குப் பயன்படும். உழவுக்கு மட்டும் என்றால் அதற்காகக் கூடுதல் விலை தேவையில்லை.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையத்தின் சோதனை அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். சேற்றுழவு, சுமை இழுப்பு, டீசல் செலவு, சேற்று வேலைக்குப் பிறகு கிளட்ச், பிரேக் பகுதிக்குள் தண்ணீர் புகுந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தைவிட அது நம்பகமானது.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு. ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடும் என்று வைத்துத்தான் டிராக்டரின் செலவைக் கணக்கிடுவது வழக்கம். 3 ஏக்கருக்கு, ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 5 மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும், 2 போகத்துக்கு 30 மணி நேரம்தான். மீதி 970 மணி நேரத்துக்கு அக்கம்பக்கத்தில் வாடகை ஓட்டமும் சுமை ஏற்றும் வேலையும் உறுதியாகக் கிடைக்குமா? பாதியாவது கிடைக்காது என்றால், தவணை கட்டுவது வண்டியின் உழைப்பாக இருக்காது, வீட்டு நெல்லாகத்தான் இருக்கும். அந்த நிலையில் வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வாடகைக்கு எடுப்பதே லாபம். ‘உழவன்’ செயலியிலேயே முன்பதிவு செய்யலாம்.

ஓட்டம் உறுதி என்றால் தைரியமாக வாங்கலாம். மைத்துனர் சொல்வதுபோல் கைக் கியரையே எடுங்கள். உறவினரின் ஆட்டோமேட்டிக் நெடுஞ்சாலையில் நன்றாக உழைக்கட்டும்.