வாய்பாடும் நிரூபணமும்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண, வர்க்கமூலம் வேண்டாத விதியொன்று தமிழில் வழங்கி வருகின்றது. நெடும்புயத்தில் எட்டிலொரு கூறு கழித்துக் குறும்புயத்தின் பாதியைக் கூட்டுக என்பது அதன் பொருள். 3, 4 என்னும் புயங்களுக்கு 5 என்றும், 5, 12 என்பவற்றிற்கு 13 என்றும் அது பிழையின்றி விடை தருகின்றது. இதுகொண்டு, பிதாகரஸின் தேற்றமே வேண்டா என நம்மவருட் சிலர் பெருமை பேசுகின்றனர்.

அன்பர்களே, 8, 15 என்னும் புயங்களை எடுத்து நோக்குவோம். விதி தருவது 17⅛, அதாவது பதினேழே அரைக்கால், மெய்விடையோ 17. ஆகவே அஃது உத்தேசக் கணக்கிற்கு உதவுமேயன்றித் தேற்றமாகாது.

செங்கோண முனையினின்று கர்ணத்திற்குச் செங்குத்து வரையின், தோன்றும் சிறு முக்கோணங்கள் இரண்டும் பெரியதனோடு வடிவொத்தனவாம். எனவே ஒவ்வொரு புயத்தின் வர்க்கமும், கர்ணத்தையும் அப்புயத்தை அடுத்த கர்ணத் துண்டையும் பெருக்கிய பலனுக்குச் சமம். இரண்டையுங் கூட்டக் கர்ணத்தின் வர்க்கம் பெறப்படும். இஃது எவ்வளவிற்கும் பொருந்தும்.

வாய்பாட்டை மனனஞ் செய்து தேர்வெழுதும் மாணவரும், ஆராயாது பழம்பெருமை பேசுவோரும் ஒரு குற்றமே உடையர். இருவரும் காரணம் வினவிலர். முன்னோர் மொழிந்ததை அளந்தறிந்து, அதன் எல்லையையும் உணர்ந்து போற்றுதலே தமிழ் பயிலும் நாம் அவர்க்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும்.