வைஃபை வரலன்னா லினக்ஸைத் திட்டாதீங்க

பெருங்களத்தூர் பக்கம் நிறைய வீடுகளில் பரண் மேல் ஒரு பழைய அரசு மடிக்கணினி கிடக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவசத் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கும்பிடு போட்டுவிட்டது. அதனால் இன்று பி.காம் படிக்கிற தம்பி அதைத் தூசி தட்டி எடுத்தால், டெபியன் மாதிரி ஒரு லினக்ஸைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். (டாலிக்கு விண்டோஸ்தான் வேண்டும். அது தனி சோகம்.)

போட்டு முடித்ததும் எல்லாம் ஓடும். வைஃபை மட்டும் வராது. உடனே என்ன நடக்கும்? நாலு தடவை ரீஸ்டார்ட், ரெண்டு தடவை இன்ஸ்டால், கடைசியில் "லினக்ஸே இப்படித்தான்" என்று ஒரு தீர்ப்பு!

இந்தத் தீர்ப்புதான் தப்பு. வைஃபை சிப் வேலை செய்ய டிரைவர் மட்டும் போதாது. பெரும்பாலான சிப்களுக்கு ஃபர்ம்வேர் என்று ஒரு சின்ன ஃபைலும் வேண்டும். அதன் மூல நிரலைக் கம்பெனிகள் தருவதில்லை. ரேடியோ அலைவரிசை விதிகள், வியாபார ரகசியம் என்று காரணம் சொல்வார்கள். பிராட்காம் சிப்களுக்குத் தன்னார்வலர்கள் கம்பெனியின் மூடிய டிரைவரைக் குடைந்து பார்த்துத்தான் லினக்ஸ் டிரைவர் எழுதினார்கள். அந்தக் கம்பெனியே சில புது சிப்களுக்குத் திறமூல டிரைவர் வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான். அப்போதும் ஃபர்ம்வேர் பூட்டியபடியே இருந்தது.

டெபியன்காரர்களோ கட்டற்ற மென்பொருளைத் தவிர வேறு எதையும் அதிகாரபூர்வ சிடியில் சேர்க்க மாட்டோம் என்று வருஷக்கணக்கில் பிடிவாதம் பிடித்தார்கள். கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார்? முதல் தடவை லினக்ஸ் போடுகிற பையன். வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் கதை :-) 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி மனம் மாறினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேர் சிடியிலேயே இருக்கிறது. யாரோ கொடுத்த பழைய பென்டிரைவை வைத்து டெபியன் 11 போடுபவர்களுக்குத்தான் இன்னும் தலைவலி.

அவர்களுக்கு வழி ரொம்ப சுலபம். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்ளும், இணையம் வந்துவிடும். பிறகு டெர்மினலில் முதலில் ஆர்எஃப்கில். வைஃபை சுவிட்சே அணைந்து கிடந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். (சிரிக்காதீர்கள், பாதிக் கேஸ் இதுதான்.) அடுத்து எல்எஸ்பிசிஐ, சிப்பின் பெயர் தெரியும். அப்புறம் டிமெசேஜ், அதாவது டி-எம்-இ-எஸ்-ஜி. எந்த ஃபர்ம்வேர் ஃபைல் கிடைக்கவில்லை என்று கெர்னல் அங்கே பெயரோடு புலம்பியிருக்கும். சோர்ஸஸ் லிஸ்டில் நான்-ஃப்ரீ பகுதியைச் சேர்த்து, அந்த ஃபர்ம்வேர் பொதியை நிறுவி, ரீஸ்டார்ட். அந்த ஒரு ரீஸ்டார்ட்டுக்குத்தான் அர்த்தம் உண்டு.

ஆனால் இதையெல்லாம் ஒரு மாணவன் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பாஸ் லினக்ஸ் வெளியூர்ச் சரக்கு அல்ல, சென்னை சி-டாக்கில் உருவானது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-ல் சி-டாக்கோடு சேர்ந்து தொடங்கிய ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கிறது. பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் மூணாவது ஸ்டேஷன்! ஊரில் இவ்வளவு அறிவு இருக்கும்போது, லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கும் அரசு டெண்டரில் ஒரு வரி சேர்க்க முடியாதா? வைஃபை சிப்பின் டிரைவர் கெர்னலிலேயே இருக்க வேண்டும், ஃபர்ம்வேரை யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்ற உரிமை இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆர்டர் என்றால் எந்தக் கம்பெனியும் தலையாட்டும். ஒற்றை மெஷின் வாங்குபவன் கேட்டால் யார் மதிப்பார்கள்?

அதுவரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே பூட் செய்து, வைஃபை பட்டியல் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.