கார் கண்ணாடியில் ஃபிலிம்: இசட் பிளஸுக்கு வழி இருக்கு, நோயாளிக்கு இல்லையா?

உப்பிலியபுரத்தில் லூபஸ் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெயில் பட்டாலே தோல் சிவந்து தடிக்கும், நோயும் கிளம்பும். செக்கப்புக்குத் துறையூர், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சி போக வேண்டும். காலையில் தெற்கு நோக்கிப் போகும்போது வெயில் இடது ஜன்னலில் அடிக்கும். மாலையில் வடக்கே திரும்பி வரும்போதும் அதே இடது ஜன்னல்தான்! டிரைவருக்குப் பின்னால் உட்காருவது ஒரு வழி. கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டலாமே என்றால், அங்கேதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70% வெளிச்சத்தையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50% வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார்களில் குற்றங்கள் நடப்பதாகச் சொல்லி அவிஷேக் கோயங்கா தொடர்ந்த வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. எத்தனை சதவீத வெளிச்சத்தை விட்டாலும் சரி, கண்ணாடி மேல் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. ஃபைன் போடுவதோடு நிற்காமல் ஃபிலிமையும் கிழித்தெடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் சொன்னது.

ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் உள்ளவர்களின் அரசு கார்களுக்கு, உள்துறைச் செயலாளரும் காவல்துறைத் தலைமையும் அடங்கிய குழு விலக்கு தரலாம். நோய்க்காக விலக்கு கேட்க அப்படி ஒரு குழு கிடையாது. விதி 100-இலும் அதற்கு இடமில்லை.

இத்தனைக்கும் தீர்ப்பு வந்த அதே மாதம்தான் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு படம் வெளியானது. 28 ஆண்டுகள் டிரக் ஓட்டிய முதியவர். ஜன்னல் பக்கம் இருந்த பாதி முகம் மட்டும் தடித்துச் சுருங்கிப் போயிருந்தது. காரணம் யுவி-ஏ கதிர். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்துச் செய்தது, அதனால் இந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கவாட்டு ஜன்னல்கள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி, அவ்வளவு தடுக்காது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம்: யுவி-யைத் தடுக்கக் கறுப்பு தேவையே இல்லை. பளிச்சென்று தெரியும் ஃபிலிமே யுவி-யை 99% வரை தடுக்கும். லூபஸ் நோயாளிகள் பலருக்கு அதுவே போதும். அதற்குச் சட்டத்தில் வழியும் பிறந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் திருத்தப்பட்ட விதி 100, 'சேஃப்டி கிளேஸிங்'கையும் அனுமதிக்கிறது. இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70/50 அளவு குறையாத ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்றது. ஆனால் அது பக்கத்து மாநிலத் தீர்ப்பு. நம்மூர் செக்கிங்கில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இல்லாமல், கண்ணால் பார்த்து "ஃபிலிம் இருக்கு, ஃபைன் கட்டுங்க" என்றால் நோயாளி என்ன செய்வார்?

ஆனால் எல்லோருக்கும் இந்தத் தெளிவான ஃபிலிம் உதவாது. எரித்ரோபாய்டிக் புரோட்டோபார்ஃபிரியா என்ற அபூர்வ நோயில் கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல வெளிச்சமே எரிச்சலும் வலியும் தரும். இவர்களுக்கு உண்மையிலேயே இருட்டு வேண்டும். நியூயார்க்கிலும் பக்கவாட்டுக்கு 70% என்ற கறாரான விதிதான். ஆனாலும் டாக்டர் சான்று தந்தால் போக்குவரத்துத் துறை விலக்கு தருகிறது.

"போலி சர்டிபிகேட் வாங்கிடுவாங்களே" என்ற கவலை நியாயமானது, நம்ம ஊரில் ரொம்பவே நியாயமானது. அதனால் தனி டாக்டர் கடிதம் போதாது. அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவக் குழு பார்த்துச் சான்று தரட்டும். ஒரு வண்டி எண்ணுக்கு மட்டும், பின் இருக்கை ஜன்னல்களுக்கு மட்டும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைக்கலாம். விதியை மாற்ற வேண்டியது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். மீட்டர் வாங்குவதும், தெளிவான ஃபிலிமுக்கு ஃபைன் வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்புவதும் தமிழக அரசே செய்யக்கூடியவை.

அதுவரை? ஃபிலிம் ஒட்டினால் வெளிச்ச அளவு எழுதிய பில்லையும் டாக்டர் கடிதத்தையும் காரிலேயே வையுங்கள். ஆனால் அந்தக் கடிதத்தைப் பார்த்து விட்டுவிட வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் கட்டாயம் இல்லை.