கண்ணும் காதும் வீதிக்கே உரியவை

இன்று எமது கிராமங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. தோட்டத்துக்கு உரப்பை ஏற்றுவதும், சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோவதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதும் அந்த ஒரே வண்டிதான். இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பத்துக்கு அதன் தேவை இன்னும் பெரியது. தலை சாய்க்கும் இடம் ஒன்று. காணி இருக்கும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள பத்து, இருபது கிலோமீற்றரை நாளாந்தம் கடக்கவைப்பது இந்த வண்டியே.

இப்போது அந்த வண்டியோடு கைத்தொலைபேசியும் சேர்ந்துவிட்டது. சிலர் அதைக் கைபிடியில் பூட்டி வழி பார்க்கிறார்கள். சிலர் காதுகள் இரண்டிலும் இயர்போனைச் செருகிப் பாட்டுக் கேட்டபடி ஓடுகிறார்கள். இன்னும் சிலர் தலைக்கவசத்துக்குள் தொலைபேசியைத் திணித்து, ஊர்க்கதை பேசிக்கொண்டு போகிறார்கள். இதைப்பற்றி எமது மனதிலுள்ளதை இந்த இதழில் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைக் கூறிவிடுகிறோம். தொலைபேசி கெட்டது, அதைத் தூர எறியுங்கள் என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. இளைஞர்கள் வழி தெரியாமல் தொலைபேசியைப் பார்ப்பதை முதியவர்கள் சிலர் குறைசொல்கிறார்கள். "சொந்த ஊருக்குப் போக இதுவும் வேணுமோ?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் குறைவு. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய குடும்பங்களின் காணிகள் 2009 க்குப் பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டு வந்தன. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் இருக்கின்றன. முப்பது வயது மகன் அந்தக் காணியைப் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. கிளுவை வேலியும் இல்லை, அடையாளம் சொல்லிவந்த பூவரசும் இல்லை. ஒழுங்கையை மூடிப் பற்றை வளர்ந்திருக்கிறது. அவன் யாரிடம் வழி கேட்பான்? அவனுக்கு வரைபடம் தேவைதான்.

இந்த வழிகாட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது. ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றும் அமெரிக்கச் செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞையை வாங்கி, நாம் நிற்கும் இடத்தைத் தொலைபேசி கணக்கிடுகிறது. இத்தொகுதி 1995 ஆம் ஆண்டிலேயே முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் நாம் மழையில் நனைந்து, பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்துகொண்டிருந்தோம். அன்று எமக்கு வழி காட்டியது முன்னால் நடந்தவரின் முதுகு மட்டுமே. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே சில மீற்றர் துல்லியத்தில் இடம் அறியும் வசதி எல்லோருக்கும் வந்தது. இதற்கு இணையத் தொடர்பு கட்டாயம் அல்ல. வரைபடத்தை முன்கூட்டியே தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், சமிக்ஞைக் கோபுரம் எட்டாத காட்டுப் பகுதியிலும் நாம் நிற்கும் இடத்தை அது காட்டும்.

ஆனால் அந்தச் செய்மதிக்கு எமது மண் தெரியாது. வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது பாதை என்று நம்பி வண்டியைத் திருப்புகிறோம். அது மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் வயற்பாதையாக இருக்கலாம். யாரோ வேலியடைத்த குச்சொழுங்கையாக இருக்கலாம். எல்லாவற்றிலும் கொடிது, மிதிவெடி அகற்றி முடியாத நிலமாகவும் இருக்கலாம். முகமாலை போன்று போரின் முன்னரங்குகள் நீண்டகாலம் இருந்த பகுதிகளில் இந்த ஆபத்தை எல்லோரும் அறிவர். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது; அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை வீதியோரத்தில் நிற்கும். தொலைபேசியின் திரையில் அது வராது. பலகையா திரையா என்று வந்தால் பலகையையே நம்புங்கள்.

வீதிக்கு வீதி நிபந்தனைகளும் வேறுபடுகின்றன. வசாவிளானிலிருந்து பலாலி ஊடாகச் செல்லும் வீதி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த பின்னர், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அப்போது நடந்து போகக்கூடாது, இடையில் வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இவற்றையெல்லாம் வரைபடம் எமக்குச் சொல்லித்தராது. ஊரவர்களிடம் கேட்டும், பலகையை வாசித்துமே அறிந்துகொள்ள வேண்டும்.

இனிக் கண்ணைப்பற்றிப் பேசுவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போகிறது. மூன்று செக்கன் திரையைப் பார்த்தால் 50 மீற்றர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம். 40 கிலோமீற்றர் வேகத்திலும் அது 33 மீற்றர். எமது வீதிகளில் 33 மீற்றருக்குள் என்னதான் வராது? கட்டாக்காலி மாடு வரும். பின்விளக்கு இல்லாத லான்ட்மாஸ்ரர் போகும். வீதியில் காயப்போட்ட நெல் கிடக்கும். வன்னிப் பக்கத்தில் அந்திப்பொழுதில் யானையும் நிற்கும்.

காதின் கதை இன்னும் ஆழமானது. வடக்குக்கான புகையிரதம் 1990 இல் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தது; 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே புகையிரதத்தின் சத்தம் தெரியாமல் வளர்ந்துவிட்டது. எமது பெற்றோர் கடவைக்குக் கிட்ட வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, காது கொடுத்துக் கேட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தார்கள். அந்தப் பழக்கம் அறுந்துபோயிற்று. கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவால் பாதை போகிறது. படலை இல்லாத கடவைகளில் மணியும் வண்டியின் ஊதலுமே எமக்குள்ள எச்சரிக்கை. 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் ஒரு செக்கனில் 22 மீற்றர் கடக்கும். காதுகள் இரண்டையும் அடைத்துக்கொண்டு கடவையில் ஏறுகிறவனுக்கு அந்த மணி அடித்தும் என்ன பயன்?

எமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மூத்த மகன் வெங்காயம் நடுகைக்கு ஆட்களைச் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தான். காதுகளில் பாட்டு. பின்னால் வந்த டிப்பர் பலமுறை கோண் அடித்தும் அவனுக்குக் கேட்கவில்லை. கிட்ட வந்த பிறகு திடுக்கிட்டு வண்டியை ஒடித்து, மதகோடு விழுந்தான். உயிர் தப்பியது கடவுள் அருள். வலது கை முறிந்தது. அந்தப் போகம் நடுகை நடக்கவில்லை. விதைவெங்காயத்துக்குப் பட்ட கடன் நின்றது. வண்டி திருத்தத் தாயின் காப்பு அடகுக்குப் போயிற்று. ஷெல்லடிக்கும் பங்கருக்கும் முகாமுக்கும் தப்பிவந்த குடும்பம் ஒரு பாட்டுக்காக இவ்வளவு கொடுத்தது. இது அந்தப் பிள்ளையைக் குற்றஞ்சாட்டுவதற்கல்ல. தோட்டத்தில் நாள் முழுவதும் தனியே நிற்கும் இளைஞனுக்குப் பாட்டு ஓர் ஆறுதல் என்பதை நாம் அறிவோம். ஆனால் பாட்டுக்குக் கிணற்றடி இருக்கிறது, வரம்பு இருக்கிறது, திண்ணை இருக்கிறது. வீதி அதற்குரிய இடமல்ல.

தொலைபேசியின் பக்கமும் ஒரு நட்டம் உண்டு. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் பலமான அதிர்வு, சில தொலைபேசிகளின் கமராவுக்குள்ளே படத்தை நிலைப்படுத்தும் நுண்ணிய பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனமே தன் தொலைபேசிகளைப்பற்றி எச்சரித்தது. அத்தகைய பாகம் உள்ள வேறு தொலைபேசிகளையும் கவனமாக வைத்திருப்பதே புத்தி. மிளகாய் இலை சுருண்டால் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்புகிற இந்தக் காலத்தில், கமரா பழுதானால் அது தோட்டத்துக்கும் நட்டமே. சித்திரை வெயிலில் கைபிடியில் கிடந்தால் தொலைபேசி சூடேறித் தானாக நின்றுவிடும். மழையில் நனைந்த விரலுக்குத் திரை சரியாக இணங்காது. ஆகவே அதை நம்பி அறியாத இடத்துக்கு இறங்குகிறவர், அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் நினைத்துவைக்க வேண்டும்.

அப்படியானால் எப்படிப் பயன்படுத்துவது? எமது ஆலோசனை இவை:

1. புறப்படுமுன் வீட்டில் இருந்தே வழியைப் பாருங்கள். எந்தச் சந்தி, எத்தனையாவது மதகு, எந்தக் கோயில் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

2. வழியில் பார்க்க வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் பாருங்கள். கண்டி வீதியால் போகும் சாரதிகள் முறிகண்டியில் நிறுத்தாமல் போவதில்லை. எந்த அவசரத்திலும் நிற்கப் பழகியவர்கள் நாம். அந்த நல்ல வழக்கத்தைத் தொலைபேசிக்கும் கொண்டுவருவோம்.

3. பாட்டும் பேச்சும் ஓட்டத்தில் வேண்டாம். குரலில் வழி கேட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் இடது காதில் மட்டும், மெதுவான சத்தத்தில் வையுங்கள். எமது நாட்டில் முந்திச் செல்லும் வாகனம் வலது பக்கத்தால் வரும். வலது காது திறந்திருக்க வேண்டும்.

4. புகையிரதக் கடவைக்குக் கிட்ட வந்தால் அந்த ஒரு காதையும் விடுவித்து, நின்று, கேட்டு, பார்த்துக் கடவுங்கள்.

5. அழைப்பு வந்தால் வரட்டும். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் திருப்பி எடுக்கலாம். வீட்டிலிருப்பவர்களும், பிள்ளை வண்டியில் போகும் நேரம் அறிந்தால், அந்நேரத்தில் அழைக்காதிருப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. மகனின் பின்னால் தாயோ பேரனின் பின்னால் அப்பம்மாவோ இருந்து போகும்போது, முன்னால் இருப்பவனின் காதில் இயர்போன் இருப்பதைக் கண்டிருக்கிறோம். அவன் தேடிப்போகும் காணியின் வழி அந்த அப்பம்மாவுக்குத்தான் தெரியும். எந்த ஒழுங்கைக்கு எந்தப் பெயர், எந்தக் கிணறு நல்லதண்ணி, எந்த மூலையில் எல்லைக்கல் என்பதெல்லாம் அவரோடு இருக்கின்றன. தொலைபேசி சந்திவரை கொண்டுபோய் விடட்டும். அங்கிருந்து அவரைச் சொல்லவிடுங்கள். அவர் சொல்வதைக் கேட்டபின், நின்ற இடத்தில் தொலைபேசியை எடுத்து, கிணற்றையும் ஒழுங்கையையும் பெயரோடு குறித்து வையுங்கள். யாவரும் திருத்தி எழுதக்கூடிய திறந்த வரைபடங்கள் இப்போது இருக்கின்றன. பங்கின் இளைஞர் மன்றங்கள் இதை ஒரு பணியாக எடுத்தால், எமது குளங்களுக்கும் ஒழுங்கைகளுக்கும் உள்ள சரியான பெயர்கள் அழியாமல் நிற்கும். முதியவர்கள் ஒவ்வொருவராய் எம்மை விட்டுப் போகிறார்கள். இந்த வேலையைப் பின்போட முடியாது.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் உவமையை நாம் எல்லோரும் அறிவோம். இருவர் கண்டும் விலகிப் போனார்கள். ஒரு சமாரியன் நின்றான். இன்று கண்ணைத் திரையிலும் காதைப் பாட்டிலும் விட்டவன், விலகிப் போகிறோம் என்று அறியாமலே விலகிப் போய்விடுவான். வீதியோரத்தில் பெற்றோல் முடிந்து நிற்பவரும், விழுந்து கிடப்பவரும், பாரம் சுமந்து நடப்பவரும் எமது அயலவரே. இடம்பெயர்ந்த நாட்களில் யாரோ ஒருவர் நின்று ஏற்றிக்கொண்டதால் உயிரோடு இருப்பவர்கள் எம்மிடையே பலர். வழியைத் தொலைபேசி காட்டட்டும். கண்ணையும் காதையும் வீதிக்கு விட்டுவைப்போம். காணிக்குப் போனவர் பொழுதுபட வீடு திரும்ப வேண்டும் என்பதே எமது வேண்டுதல்.