எந்த முறை என்று கேட்பதற்கு முன்

ஃபேஸ்லிஃப்ட் எனப்படும் முகத்தோலை உயர்த்திக் கட்டும் அறுவை சிகிச்சை, முதுமையை நெருங்கும் செல்வந்தர்களுக்குரியது என்றே முன்பு எண்ணியிருந்தோம். இன்று முப்பதைத் தாண்டிய நம் வீட்டுப் பெண்பிள்ளைகள், சில ஆண்பிள்ளைகளும்கூட, "நூல் சிகிச்சையா, ஸ்மாஸா, டீப் பிளேனா, எது நல்லது?" என்று கேட்கின்றனர். பெற்றோர் "ஹராம்" என்ற ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுகின்றனர். பிள்ளைகள் யாருக்கும் சொல்லாமல் மருத்துவரைத் தேடிச் செல்கின்றனர். இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து.

அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்கி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் நபிமொழி, இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதே வேளையில், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு அணிந்து, அது துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தால் செய்து அணியுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும்கூட! 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நோய்நிலையாக இருந்தாலன்றி, முகச்சுருக்கங்களை அறுவையாலோ ஊசியாலோ நீக்கக் கூடாது என்று தீர்மானித்தது. நோய்நிலையிலும், தீங்கு நேராதிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

இந்த நிபந்தனையை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. எந்த முறை என்ற மருத்துவக் கேள்வி, மார்க்கக் கேள்வியாகவும் ஆவது இங்கேதான்.

இளையோர் முதலில் நாடுவது நூல் சிகிச்சையை. பெரிய வெட்டு இல்லை. அன்றே வீடு திரும்பலாம். ஆனால் நூல் கரைந்துவிடும். பயன் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. பிறகு மீண்டும் நூல், மீண்டும் செலவு, தோலடியில் மேலும் தழும்பு. ஸ்மாஸ் என்பது தோலடிக் கொழுப்பின் கீழுள்ள நார்ப்படலம்; 1976இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மிட்ஸும் பெய்ரோனியும் விவரித்தது. அதை மடித்தோ இழுத்தோ தைப்பது ஒரு முறை. 1990இல் அமெரிக்க மருத்துவர் சாம் ஹாம்ரா வெளியிட்ட டீப் பிளேன் முறை, அப்படலத்தின் அடியிலேயே நுழைந்து, அதைப் பிணைத்திருக்கும் நார்களை விடுவித்து, தோலோடு சேர்த்து உயர்த்துகிறது. தோற்றம் இயல்பாக அமைகிறது, நெடுநாள் நிலைக்கிறது என்று அதைச் செய்வோர் கூறுகின்றனர். ஆயினும், கத்தி செல்லும் இடத்துக்கு அருகில்தான் புன்னகையை இயக்கும் முகநரம்பின் கிளைகள் ஓடுகின்றன. அவற்றுக்கு நேரும் பாதிப்பு பெரும்பாலும் தற்காலிகமானது, அரிதாக நிரந்தரமானது. தோலின் கீழ் இரத்தம் தேங்குவது, காதுமடல் மரத்துப்போவது ஆகியன ஸ்மாஸிலும் நேரலாம். புகைப்பவர்களுக்குத் தோல் அழுகும் ஆபத்தும் உண்டு.

தொய்ந்த முகத்தை உயர்த்துவதற்கான சிகிச்சை இது. முப்பத்திரண்டு வயது முகத்தில் உயர்த்துவதற்கு என்ன இருக்கிறது? பெரும்பாலும், கைப்பேசி ஃபில்டர் காட்டிய இன்னொரு முகம். அல்லது, பெண் பார்க்க வந்தவர்கள் "முகம் வாடியிருக்கிறதே" என்று சொல்லிச் சென்ற ஒரு சொல். அப்படிச் சொல்பவர்கள் தொழுகையாளிகளாகவும் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை. பிள்ளையை மட்டும் கண்டித்துவிட்டு அவர்களுக்குத் தேநீர் பரிமாறி வழியனுப்புகிறோம்.

முகவாதத்தால் ஒரு பக்கம் தொங்கியவர், விபத்தில் முகம் சிதைந்தவர் ஆகியோரின் நிலை வேறு. நோயான உடற்பருமனிலிருந்து மீண்டு, ஐம்பது கிலோ குறைந்ததால் தோல் தொங்கிப்போன இளைஞரின் நிலையும் இங்கேதான் சேரும் என்று கருதுகிறேன். ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய செய்தி அது. வெறும் வாய்மொழியாக அன்றி, மருத்துவரின் எழுத்து அறிக்கையோடு கேட்பது நல்லது. அறுவையாளரிடமும் கேளுங்கள்: இதே முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இதைவிடச் சிறிய சிகிச்சை போதாதா? நள்ளிரவில் முகம் வீங்கினால் யார் வருவார்? பிள்ளையைத் தனியே அனுப்பாமல் தாயோ, தந்தையோ, கணவரோ உடன் சென்று இவற்றைக் கேட்கட்டும்.