ஐ.சி.டி.யில் ஏ எடுத்த பிள்ளைக்கு ஐந்து வரி எழுத வருவதில்லை, ஏன்?

ஓ.எல். பெறுபேறு வந்தால் ஊரெல்லாம் வாழ்த்துப் பதிவுகள்தான். ஐ.சி.டி.யில் ஏ எடுத்தவர்களும் நம் ஊரில் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே பிள்ளைகளில் பலர் உயர்தரத்துக்கு வந்து பைதன் தொடங்கியதும் திணறுகிறார்கள். ஒரு எண் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கும் செய்நிரலைக் கொப்பியைப் பார்க்காமல் எழுதச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடுகிறது. இதை ஸ்டாஃப் ரூமுக்குள் மட்டும் பேசிப் பயனில்லை என்பதால் பெற்றோரிடம் நேரே சொல்கிறோம்.

பிள்ளைகளிடம் மூளைக் குறைவு இல்லை. செய்நிரலாக்கத்தையும் வரலாறு போல பாடமாக்குகிறார்கள், அதுதான் விஷயம். பாஸ்ட் பேப்பரில் வந்த செய்நிரலை வரிக்கு வரி மனனம் செய்தால் அதே கேள்விக்குப் புள்ளி கிடைக்கும். கேள்வியில் ஓர் எண் மாறினால் எல்லாம் போய்விடும்.

ஒரு உதாரணம். 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ். எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. இதை எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் கீழிருந்து தொடங்குவார்கள். முதலில் "35 அல்லது அதற்கு மேல் என்றால் எஸ்", பிறகு எலிஃப் போட்டு 50, 65, 75. ஓட்டிப் பார்த்தால் 82 புள்ளி எடுத்தவருக்கும் எஸ் வருகிறது. கணினி சிவப்பு எழுத்தில் பிழை காட்டாது, சத்தமில்லாமல் பிழையான விடையைத் தரும். ஏனென்றால் அது மேலிருந்து கீழே பார்த்து, முதலில் சரியாக வரும் நிபந்தனையோடு வெளியேறிவிடும். 82 என்பது 35ஐ விடக் கூடியதுதானே. எலிஃப் போடாமல் நான்கு தனி இஃப் எழுதினால் இன்னும் வேடிக்கை: எஸ், சி, பி, ஏ நான்கும் ஒருவருக்கே கிடைக்கும்!

இந்தப் பிழையை ஒரு பிள்ளை தானே விட்டு, தானே பேனையால் படிப்படியாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தால், இஃப் என்றால் என்னவென்று பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை. சரியான விடையை நோட்ஸில் அச்சடித்துக் கொடுத்தால் அந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது. 35ஐ "விடக் கூட" என்பதற்கும் "அல்லது அதற்கு மேல்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் சரியாக 35 எடுத்த பிள்ளைக்குத்தான் தெரியும். அந்த ஒரு குறியில் அவர் பெயில்.

அடுத்தது சார்பு, அதாவது ஃபங்ஷன். இங்கேதான் கூடுதலானவர்கள் விழுகிறார்கள். பிரின்ட்டும் ரிட்டர்னும் ஒன்று என்று நினைக்கிறார்கள். பிரின்ட் விடையைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். ரிட்டர்ன் விடையைக் கேட்டவரின் கையில் கொடுக்கும். எண்ணை இரட்டிப்பாக்கும் ஒரு சார்பை எழுதி, உள்ளே பிரின்ட் மட்டும் போட்டு, வெளியில் அதன் விடையோடு 3ஐக் கூட்டப் பார்த்தால் பைதன் மறுத்துவிடும். திரையில் விடை தெரிகிறது, கையில் ஒன்றும் இல்லை. நிக்லாஸ் விர்த் 1970இல் மாணவர்களுக்குக் கற்பிப்பதை மனதில் வைத்து வெளியிட்ட பாஸ்கலில், பெறுமானம் தருவதற்கு ஃபங்ஷன், தராததற்கு புரொசீஜர் என்று பெயரே வேறு. பைதனில் இரண்டுக்கும் டெஃப்தான். அதனால் ஆரம்பத்திலேயே இதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வகுப்பில் கொடுத்துப் பார்த்த பயிற்சிகளில் ஸகாத் கணக்கைப் போல் வேலை செய்தது வேறில்லை. செல்வம் நிஸாபை எட்டியிருக்க வேண்டும், ஒரு சந்திர வருடமும் பூர்த்தியாகியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 2.5 சதவீதம், இல்லையென்றால் பூச்சியம். "அன்ட்" எங்கே, "ஓர்" எங்கே என்று பிள்ளைகள் தாங்களாகவே வாதாடுவார்கள். நிஸாபை 85 கிராம் தங்கத்தின் பெறுமதி என்று எடுத்தால் அடுத்த கேள்வி வருகிறது: தங்க விலை நாளுக்கு நாள் மாறுகிறதே, அதைச் செய்நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதா? வைக்கக்கூடாது, சார்புக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பராமீட்டர் எதற்கு என்ற பாடம் அத்தோடு முடிந்தது.

அல்கோரிதம் என்ற சொல்லே நமது அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று மேடையில் பேசுகிறோம். உண்மைதான், சந்தோஷம்தான். ஆனால் 9ஆம் நூற்றாண்டு பக்தாதைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்ப்பதற்குக் கொடுக்கலாம்.

"வீட்டில் லெப்டொப் இல்லையே சேர்" என்று உம்மாமார் கவலைப்படுகிறார்கள். இந்த ஆரம்பக் கட்டத்துக்கு அது பெரிய தடையே இல்லை. இருக்கும் ஃபோனிலும் பைதன் எழுதலாம். அதை விட முக்கியம் ஒரு பேனையும் கட்டம் போட்ட தாளும். மாறிகளின் பெயரை மேலே எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பெறுமானம் எப்படி மாறுகிறது என்று நிரப்பச் சொல்லுங்கள். சான்றிதழ் தரும் கோடிங் கோர்ஸ்களுக்குக் கடன் வாங்கிக் காசு கட்ட வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதி வருவதும் அதே மனனம்தான், மனதில் வைக்கும் சிரமம்கூட அதில் இல்லை. பரீட்சை மண்டபத்துக்குள் ஃபோன் வராது.

ஒன்றைக் கொடுக்கிறோம், இன்று இரவு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். மொத்தம் பூச்சியத்தில் தொடங்குகிறது. ஃபோர் லூப், ரேஞ்ச் 1, 5. எண் ஒற்றை என்றால் மொத்தத்தோடு அதைக் கூட்ட வேண்டும், இரட்டை என்றால் மொத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும். லூப் முடிந்த பிறகு மொத்தத்தை பிரின்ட் செய்ய வேண்டும். 10 என்று சொன்னால் சரி. 15 என்று சொன்னால், ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது என்பது இன்னும் பிடிபடவில்லை. சரியாகச் சொன்ன பிள்ளையிடம் அடுத்த கேள்வி: அந்த பிரின்ட் வரியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளி லூப்புக்குள் போட்டால் திரையில் என்னென்ன வரும்?